தோட்டமில்லாத தோட்டக்காரன்

மரியன் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி உலகம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்தவர். 1877-ல் இலங்கைக்கு வந்தபோது களுத்துறையில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். சுவரெல்லாம் புகைப்படங்கள், மேசையிலும் கதிரையிலும் தரையிலும் ஈரம் ஏறிய புத்தகங்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. உள்ளூர் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த அவருக்கு, அவர்களில் ஒருவனுடைய முதுகு அபாரமாகப் பிடித்துப் போயிற்று. அவனை விட்டுவிடக் கூடாது, தோட்டக்காரனாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்குத் தோட்டமே கிடையாது. தோட்டக்காரன் என்றால் என்ன வேலை என்பதும் அந்த மனிதனுக்குத் தெரியாது. நோர்த் தன் நினைவுக் குறிப்பில் இதை ஒரு வேடிக்கையாக எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதை அவர் கேட்கவில்லை.

அந்த அம்மாதான் ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படத்தைக் கலை என்று உலகம் ஏற்றுக்கொள்வதற்கு வழிவெட்டியவர்களில் முதல் வரிசை. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். மகளும் மருமகனும் கொடுத்த கமராவை 1863 டிசம்பரில் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில், கோழிக்கூட்டைக் காலி செய்து படப்பிடிப்புக் கூடமாக்கினார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது. டார்வின், கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹெர்ஷல் எல்லோரும் அவர் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஆனால் அவருடைய ஆசை பெரிய மனிதர்களின் முகத்தோடு நிற்கவில்லை. இத்தாலிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அது. பெருஜீனோ, ரஃபாயல் வரைந்த மாதாக்களைக் கண்ணாடித் தட்டில் மறுபடியும் பிறப்பிக்கப் பார்த்தார். மாதாவாக உட்கார வைத்தது வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரை. 1867-ல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பார்த்தினன் சிலைகளைப் போலவும் பெண்களை அமர வைத்துப் படம் எடுத்தார். தலை உடைந்து போன கிரேக்கத் தேவியருக்குத் தன் பக்கத்தில் இருந்த பெண்களின் தலைகளைக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

மேரி மாதாவான அந்த வீட்டின் பெயர் டிம்போலா. தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்தில் இருக்கும் நம் டிம்புளைதான் அது. கமரன் குடும்பத்துக்கு அங்கே கோப்பித் தோட்டம் இருந்தது. வருமானத்தின் பெரும்பகுதி அந்த மலையிலிருந்து போயிற்று. கண்ணாடித் தட்டும் வெள்ளி நைத்திரேற்றும் வாங்கிய காசில் டிம்புளைக் கோப்பியும் கலந்திருந்தது. கணவர் சார்ல்ஸ் ஹே கமரனை எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விதமாகத் தெரியும். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் பாதிப் பெயர் அவர். இராஜகாரியம் ஒழிந்தது, 1833-ல் நீதிமுறை மாறியது என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். அதைத் தொடர்ந்து மலையில் காணி விலைப்பொருளானது, கோப்பி வந்தது, கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது, ஆள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தது. கணவர் வரலாற்றுப் பாடத்தில் வருகிறார். மனைவி எங்கள் சித்திரப் பாடத்தில் எங்குமே இல்லை.

கோப்பி இலையில் துரு விழுந்தது 1869-ல் தெரிய வந்தது. ஆறு வருடம் கழித்து, கையிருப்பு குறைந்த நிலையில், தம்பதிகள் பிள்ளைகள் இருக்கும் இலங்கைக்கே வந்து சேர்ந்தார்கள். தங்கள் சவப்பெட்டிகளையும் கூடவே கப்பலில் ஏற்றினார்கள், அதற்குள் பீங்கான் சாமான்களை அடுக்கிக் கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இருவருடைய குணத்துக்கும் பொருந்துகிற கதை. 1879 ஜனவரி 26-ல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். மறுவருடம் கணவர். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸின் கடைசி ஊரான பொகவந்தலாவையில், சென் மேரிஸ் தேவாலயத்தின் மண்ணில் இருவரும் கிடக்கிறார்கள். லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் தொங்குகிறவர், கொழுந்து லொறி போகிற பாதையோரத்தில் படுத்திருக்கிறார்.

க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் எடுக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி, அஜந்தா, சோழர் செப்புத் திருமேனி, பிறகு ஐரோப்பா. கிரேக்கத்தில் தொடங்கி, உரோமைத் தாண்டி, மறுமலர்ச்சிக்கு வந்து, பதிவுவாதம், கனவடிவவாதம் என்று பிக்காசோவில் முடியும் நீண்ட பயணம். படத்தின் பெயர், வரைந்தவர், காலம், ஊடகம், பாணியின் பண்புகள் என்று அட்டவணை போட்டு எழுதிப் பாடமாக்குகிறார்கள். அச்சில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய, பல நேரம் கறுப்பு வெள்ளையில் இருக்கும் படத்தைப் பார்த்து, வண்ணப் பிரயோகம் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற திறமை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மனிதர்களின் பெயர்களை வரிசையாகத் தொடுத்த மாலையாக அந்த வரலாற்றை நாம்தான் அவர்கள் கையில் கொடுக்கிறோம். களுத்துறைத் தோட்டக்காரனைப் பற்றி வாசித்த பிறகு நான் அந்த வரிசையை முதுகுப் பக்கமாகவே பார்க்கப் பழகிவிட்டேன். வரைந்தவன் பெயரை விட்டு, நின்றவனின் முதுகைப் பிடித்துக்கொண்டு போனால் அதே வரலாறு வேறு ஊர்களின் வழியே போகிறது.

பார்த்தினனில் இருந்தே தொடங்கலாம். கி.மு. 447 முதல் 432 வரை கட்டிய கோயில். அதன் முகட்டு முக்கோணத்தில் நின்ற சிலைகள் தரையிலிருந்து பார்ப்பதற்கானவை. முதுகு சுவரைப் பார்த்திருக்கும். ஒருவர் கண்ணிலும் படாது. ஆனாலும் சிற்பிகள் முதுகுகளையும் முழுக்கச் செதுக்கி வைத்தார்கள், துணியின் மடிப்பு உட்பட. எல்ஜின் பிரபு அவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய், 1816-ல் பிரித்தானிய அரசு விலைக்கு வாங்கிய பிறகுதான் சனங்கள் சுற்றி வந்து பின்பக்கம் பார்க்க முடிந்தது. களவின் உபகாரம் அது ஒன்றுதான்.

பார்த்தினனுக்குப் பக்கத்திலேயே எரெக்தியன் என்ற சின்னக் கோயில். அதன் கட்டட வேலைக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உடைந்த துண்டுகள் இன்றும் இருக்கின்றன. யார் எந்தத் தூணுக்குக் குழல் வெட்டினான், யார் பலகை அறுத்தான், யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வருகிறது. நகரத்துக் குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன், அடிமை எல்லோருக்கும் ஒரே நாட்சம்பளம், ஒரு திராக்மா. (அடிமையின் திராக்மா எசமானின் பைக்குப் போயிருக்கும், அது வேறு கதை.) எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் பெற்றோர் ரோட்டில் இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கிரேக்கக் கலையின் பண்புகளில் ஒன்றாக இந்தக் கணக்குக் கல்லையும் எழுதலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. எழுதலாம், புள்ளி கிடைக்குமா என்பதுதான் தெரியாது என்றேன்.

உரோமில் பெல்வெடெர் உடற்சிலை என்று ஒன்று. தலை இல்லை, கை இல்லை, முழங்காலுக்குக் கீழே இல்லை. குனிந்து திரும்பிய நடுவுடலும் முதுகும் மட்டும் மிஞ்சின. அதைச் செய்த ஏதென்ஸ்காரன் அப்பொலோனியஸ் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். அந்த முதுகைப் பார்த்துத்தான் மைக்கலாஞ்சலோ கற்றார். 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் கூரையில் அவர் வரைந்த நிர்வாண இளைஞர்களின் திருகிய உடல்களில் அந்தத் துண்டுச் சிலையின் தசை ஓடுகிறது. இதையெல்லாம் அழகென்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கமரனுக்குக் களுத்துறையில் அந்த முதுகு பிடித்ததும் இதனால்தான்: அவர் அதற்கு முன்பே உரோமின் முதுகை அச்சுப்பிரதி வழியாகப் பார்த்திருப்பார். எதிரில் நின்றவனை அவர் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மைக்கலாஞ்சலோவின் ஊடாகப் பார்த்தார்.

கராவாஜியோவிடம் வரும்போது காற்று மாறுகிறது. உரோமின் சாந்த் அகஸ்தீனோ தேவாலயத்தில் 1600-களின் முதல் சில ஆண்டுகளில் அவர் வரைந்த லொரேட்டோ மாதா. வாசற்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறார். நமக்கு முதுகைக் காட்டி, ஒரு கிழவனும் கிழவியும் முழங்காலில். ஆணின் வெறும் பாதங்கள், அழுக்கும் வெடிப்புமாக, பலிபீடத்துக்கு நேர் மேலே, பூசை வைக்கும் குருவின் முகத்துக்கு எதிரே. படம் திறந்தபோது சாதாரண சனங்கள் பெரிய கூச்சல் போட்டார்கள் என்று கராவாஜியோவைப் பிடிக்காத சக ஓவியர் பாலியோனே எழுதி வைத்தார். அது கண்டனக் கூச்சலா, நம்ம காலடா என்று கண்டுகொண்ட கூச்சலா? பாலியோனே முதலாவதைச் சொல்லப் பார்க்கிறார். நான் இரண்டாவதின் பக்கம்.

1849-ல் கூர்பே வரைந்த 'கல்லுடைப்போர்'. ரோட்டோரத்தில் பார்த்த இருவரைத் தன் கூடத்துக்கு வரச்சொல்லி வரைந்தார். கிழவனின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது. பையன் கல் நிறைந்த கூடையைத் தூக்கியபடி நமக்கு முதுகைக் காட்டுகிறான், சட்டை கிழிந்திருக்கிறது. அந்தப் படம் இன்று இல்லை. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரத்துக் குண்டுவீச்சின்போது எரிந்தது. நமக்கு இருப்பது அதன் புகைப்படம்தான். அந்த விதத்தில் கூர்பேயின் படத்தைப் பார்ப்பதில் பாரிசுக்காரனும் மலையகத்துப் பத்தனைக்காரனும் சமம்.

மில்லேயின் 'கதிர் பொறுக்குவோர்', 1857. மூன்று பெண்கள், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். இருவர் குனிந்திருக்கிறார்கள், ஒருத்தி பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகங்கள் நிழலில். இடது ஓரத்துப் பெண் ஒரு கையை முதுகுப் பக்கம் மடித்து வைத்திருக்கிறாள். பொறுக்கிய கதிரை அந்தக் கையில் பிடித்திருக்கிறாள் என்று நான் விளக்கினேன். ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல சேர், அவங்களுக்கு இடுப்பு விட்டுப் போயிருக்கு, அதான் கைய வச்சிருக்காங்க." கதிர் கையில் இருப்பது உண்மை. ஆனால் குனிந்த முதுகுக்கு அந்தக் கை என்ன செய்கிறது என்பதை அவள் பார்த்த மாதிரி எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் படத்தின் வலது தூரத்தில் குதிரையில் ஒருவன் இருக்கிறான். நகம் அளவுக்குக்கூட இல்லை. கலை வரலாறு படித்த பலரும் அவனைக் கடைசியில்தான் கவனிப்பார்கள். எங்கள் வகுப்பு முதலில் அவனைத்தான் கண்டது. "அந்தா தொரை" என்றான் ஒருவன். தொரை இல்லை, கணக்கப்பிள்ளை என்றான் இன்னொருவன். கணக்கப்பிள்ளைக்கு ஏதுடா குதிரை என்று மூன்றாமவன். பத்து நிமிடம் இந்த வழக்கு. அவன் பண்ணையின் மேற்பார்வையாளன் என்றுதான் வரலாற்றாசிரியர்களும் சொல்கிறார்கள். 1857-ல் பாரிசில் இந்தப் படத்தைப் பார்த்த மேல்தட்டு விமர்சகர்கள் அந்த மூன்று பெண்களின் பின்னால் புரட்சியின் நிழலைக் கண்டு பயந்தார்கள். குதிரைக்காரன் அவர்களைப் பயமுறுத்தவில்லை. அது அவர்களுக்குப் பழகிய உருவம்.

மிச்சத்தை வேகமாகக் கடக்கலாம். 1885-ல் வான்கோவின் 'உருளைக்கிழங்கு உண்போர்' படத்தில் விளக்கைச் சுற்றி ஐந்து பேர். நமக்கு மிக அருகே இருக்கும் சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரே அறை, தாழ்ந்த கூரை, ஒரு விளக்கு. லயத்துப் பிள்ளைக்கு அந்தப் படத்தில் விளக்கம் தேவைப்படுகிற பொருள் ஒன்றுமில்லை. பிறகு மத்தீஸ். 1909-க்கும் 1930-க்கும் இடையில் அவர் ஒரு பெண்ணின் முதுகை நான்கு முறை, ஆளுயரத்துக்கும் மேலான புடைப்புச் சிற்பமாகச் செய்தார். முதலாவதில் முதுகெலும்பு, தசை, சாய்ந்த தலை எல்லாம் இருக்கின்றன. நான்காவதில் மூன்று நெடிய தண்டுகள் மட்டும். கவ்வாத்து வெட்டிய பிறகு மிஞ்சும் தேயிலைத் தூர் போல. நவீனக் கலை என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், அரைப் பாடம் முடிந்துவிடும்.

இனி நம் பக்கம். இலங்கையில் கமரன் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1878-ல் எடுத்த ஒன்றில் ஒரு குடும்பம். களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு. சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர் தன்னை அவள் தகப்பன் என்றும் நூறு வயதுக்காரன் என்றும் சொல்கிறார் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். ஃப்ரெஷ்வாட்டரின் மாதா வேலைக்காரிதான் என்றாலும் மேரி ஹில்லியர் என்ற பெயரோடு நிற்கிறாள். அவள் ஓவியர் வாட்ஸின் தோட்டக்காரரைக் கலியாணம் செய்து, 1936 வரை வாழ்ந்தாள் என்பது வரை நமக்குத் தெரியும். அந்தத் தோட்டக்காரரின் பெயரும் தெரியும்: தோமஸ் கில்பர்ட்.

நம் நாட்டுக்காரர்களே கையில் கமராவும் தூரிகையும் எடுத்தபோது என்ன நடந்தது? லயனல் வென்ட் 1930-களில் எடுத்த ஆண் உடல்களின் படங்களில் முதுகுகள் நிறைய; ஆசையோடு பார்க்கப்பட்ட முதுகுகள். 1934-ல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் படத்துக்குப் பணம் தேயிலைப் பிரசாரச் சபையுடையது, ஆனால் அதில் நினைவில் தங்குவது சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர்களும் கண்டிய ஆட்டமும். வென்டைச் சுற்றி 1943-ல் கொழும்பில் உருவான '43 குழு' ஜோர்ஜ் கீற்றையும் ஜஸ்டின் தரணியகலையையும் உலகுக்குக் காட்டியது. இரண்டு மணி நேரப் புகையிரதத் தூரத்தில் இருந்த மலைநாட்டுத் தொழிலாளியை அது பெரிதாகக் காணவில்லை என்று சொன்னால், அந்தப் புகையிரதம் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை என்று திருத்துவார்கள்; சரி, ஒரு பகல் தூரம். நுவரெலியாவில் தகப்பனார் மிஷன் நடத்த, லண்டன் றோயல் அகடமியிலும் இத்தாலியிலும் படித்து வந்த டேவிட் பெயின்ரர் வேறு வழியில் போனார். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் 1928 முதல் 1933 வரை அவர் வரைந்த பெரிய ஓவியங்களில் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை, பழுப்பு நிற மனிதர்கள், நம் நாட்டு மரம் செடி. இத்தாலியில் கற்ற சுவரோவியக் கையை அவர் இந்த மண்ணுக்குத் திருப்பினார். பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போவது அட்டவணை மனப்பாடத்தைவிட மேல்.

இவ்வளவு பார்த்த பிறகும், "தோட்ட வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னால் பிள்ளைகள் வரைவது தேயிலைப் பக்கற்றை. சிரித்த முகம், பெரிய பொட்டு, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், தோளுக்குப் பின்னால் புத்தம்புதுக் கூடை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள்தான். அம்மாவின் இடுப்பில் படங்கு, நெற்றிக்கு மேலே கயிறு, கயிற்றின் மறுமுனையில் பல தோட்டங்களில் இப்போது கூடைக்குப் பதிலாகச் சாக்கு. இதில் ஒன்றும் தாளில் வருவதில்லை. நூறு வருடமாக விளம்பரக்காரர்களும் தபால் அட்டைக்காரர்களும் முன்னால் நின்று எடுத்த படம் அவர்கள் கைக்குள் போயிருக்கிறது. கமரன் மைக்கலாஞ்சலோவின் ஊடாகக் களுத்துறைக்காரனைப் பார்த்தார். எங்கள் பிள்ளைகள் லிப்டனின் ஊடாகத் தாயைப் பார்க்கிறார்கள். இரண்டாவது எனக்கு அதிகம் வலிக்கிறது. மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த ஹனுஷா சோமசுந்தரம், சாயத்துக்குப் பதிலாகத் தேயிலைக் கறையையும், பாவித்த தேயிலைப் பைகளையும் வைத்துச் செய்த வேலைகளை நான் வகுப்பில் காட்டுவது இதற்காகத்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணை வரையாமலே அவளைப் பற்றிப் படம் செய்யலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய அதிர்ச்சி.

போன தவணையில், மில்லேயின் படத்தில் இடுப்பு வலியைக் கண்ட அதே மாணவி ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். சரிவில் ஏறும் பெண்ணின் பின்பக்கம். சாக்கு, கயிறு, படங்கின் முடிச்சு, சேற்றுக் கால். முகம் இல்லை. கயிறு அழுத்துகிற இடத்தில் தலைத்துணி மடிந்திருப்பதைக் கவனமாகப் போட்டிருந்தாள். எனக்கு அதை எங்காவது மாட்டிவைக்க வேண்டும் போல இருந்தது. பல வருடம் விடைத்தாள் திருத்திய நண்பர் ஒருவரிடம் காட்டினேன். நல்லாயிருக்கு, ஆனால் பரீட்சையில் இப்படி வரைய வேண்டாம் என்று சொல்லுங்கள், முகபாவம் இல்லையென்று புள்ளி வெட்டுவார்கள் என்றார். கூர்பேயின் கல்லுடைக்கும் பையனுக்கும் முகம் இல்லையே என்றேன்.

"கூர்பே உயர்தரம் எழுதல்லையே, சேர்."